ஸ்டூலுக்குப் பாடிய காதல் பாட்டு

ஒரகடம்,
ஏப்ரல் 1991

மகனே,

நீ இப்போது என் இடது தொடையின் மேல் தூங்கிக்கொண்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் இல்லை. நான் அசைந்தால் விழித்துக்கொள்வாய், விழித்தால் ஊரைக் கூட்டுவாய். அதனால் ஒரு கையால் உனக்கு விசிறிக்கொண்டு இன்னொரு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நீதான் காரணம். நாளைக் காலையில் உன் அம்மா மறுபடியும் வேலைக்குப் போகிறாள். நீ பிறந்ததற்காகக் கம்பெனி கொடுத்த லீவு இன்றோடு முடிகிறது. பகலில் பக்கத்து வீட்டில் இருக்கும் உன் பெரியம்மா உன்னைப் பார்த்துக்கொள்வாள். உன் அம்மா உள்ளே வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து, புடவைக்கு மேல் போடுகிற யூனிஃபார்ம் கோட்டில் அறுந்துபோன பட்டனைத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எங்களுக்குள் ஒரு சண்டை. எதிர் டீக்கடைக்காரர் பேட்டரி ரேடியோவில் புதுப் பாட்டு ஒன்றை அலறவிட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை, அதனால் நான் சாகப்போகிறேன் என்கிற ரகம். "யோவ், சவுண்டைக் குறைய்யா, குழந்தை தூங்குது" என்று கத்தினேன். குழந்தை ஒரு சாக்கு. அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நாட்டில் இவனுக்கு வேறு எந்தப் பிரச்சினையும் இல்லையா, வீட்டு வாடகை இல்லையா, சூப்பர்வைசர் இல்லையா, பஸ் நிற்காமல் போவதில்லையா என்று ஆரம்பித்தேன். உன் அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "இதே கதைய எத்தினி வாட்டி எங்கிட்டயே சொல்லுவீங்க? ஒங்க புள்ளைக்கு எழுதி வைங்க. அவன் வேலைக்குப் போற வயசுல படிச்சிட்டு சிரிக்கட்டும்" என்றாள். சரி என்று பேனாவை எடுத்துவிட்டேன். நீ சிரித்தாலும் பரவாயில்லை. முழுக்கப் படித்துவிட்டுச் சிரி.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கல்யாண வீட்டு மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் வந்த பாட்டுகளில் பாதி, யாரையாவது கேள்வி கேட்கும். உழைக்கிறவன் யார், சாப்பிடுகிறவன் யார் என்று கேட்கும். கதாநாயகன் சாட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாடுவான். நெற்குவியலின் மேல் ஏறி நின்றும் பாடுவான். கிராமக் கணக்கருக்கு எதிரில் வாயே திறக்காத என் அப்பா, அந்தப் பாட்டு வந்தால் மட்டும் மாட்டைத் தட்டிக்கொண்டே சத்தமாகப் பாடுவார். இப்போது வருகிற பாட்டில் சத்தம் பிரமாதமாக இருக்கிறது. ஸ்டீரியோ, புதுப் புது வாத்தியம், டிரம்மெல்லாம் நெஞ்சில் அடிக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன் என்ற முறையில் அதற்கு முழு மார்க் கொடுக்கிறேன். ஆனால் உள்ளே சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. மழை, நிலா, அவள் தாவணி. நல்ல ஆம்ப்ளிஃபையருக்கு உள்ளே வெறும் இரைச்சலைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. இது என் கருத்து. இன்னமும் மாறவில்லை. ஆனால் போன ஆயுத பூஜையில் இந்தக் கருத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நீயும் இருந்தாய்.

ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியில் ஸ்டெபிலைசர் செய்கிறோம். நான் மெயின்டனன்ஸ். உன் அம்மா லைனில் சால்டரிங். அவளுடைய சால்டரிங் அயர்ன் சூடாகவில்லை என்று எனக்கு எத்தனையோ புகார் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் ஒரு தடவைகூட அது ரிப்பேராக இருந்ததில்லை. எங்கள் கல்யாணத்தின் கதை அவ்வளவுதான். லைனில் நாற்பது பெண்கள். எல்லாருக்கும் மர ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். போன வருஷம் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். ஜப்பானுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே எல்லாரும் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார்களாம், அதனால்தான் அந்த நாடு முன்னேறியதாம். ஒரு திங்கட்கிழமை நாங்கள் உள்ளே போனபோது ஸ்டூல் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பின்கேட் பக்கம் கழிவுப் பொருள் போடுகிற இடத்தில் குவித்துவிட்டிருந்தார்கள். மேஜைகளுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள்.

அதே வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, லைன் முழுக்க ஸ்பீக்கர் மாட்டச் சொன்னார். "பாட்டு கேட்டா கால் வலி தெரியாது. மியூசிக் இஸ் மோட்டிவேஷன், தம்பி." நான் மாட்டினேன். நன்றாகவே மாட்டினேன். எந்த மூலையில் நின்றாலும் ஒரே அளவு சத்தம் கேட்கும். மேனேஜர் அறையில் கேசட் பிளேயர். காலையில் மெதுவான பாட்டு, டீக்குப் பிறகு வேகமான பாட்டு. எல்லாம் புதுப் படப் பாட்டு, எல்லாம் காதல். அவர் எந்தப் பாட்டையும் வேண்டாம் என்று ஒதுக்க வேண்டிய வேலையே இல்லை. கடையில் எந்தக் கேசட்டை எடுத்தாலும் கம்பெனிக்கு ஆபத்தில்லாததாகவே இருந்தது. இதை மட்டும் நீ மனதில் வைத்துக்கொள். யாராவது உனக்குச் சும்மா பாட்டுப் போட்டால், ரசிப்பதற்கு முன்னால் உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று திரும்பிப் பார்.

அப்போது உன் அம்மாவுக்கு ஐந்தாம் மாதம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வாள். கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். சிங்கப்பெருமாள் கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டே வேலை செஞ்சா உனக்கும் ஆகாது, குழந்தைக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். நான் நேராக மேனேஜரிடம் போனேன். எனக்குப் பதமாகப் பேச வராது. "சார், மாசமா இருக்கிறவங்களுக்காவது ஸ்டூல் குடுங்க" என்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. முடியலன்னா உன் ஒய்ஃபை வேலைய விட்டுடச் சொல்லு." வேலையை விடுவதென்றால் பிறகு திரும்ப எடுக்க மாட்டார்கள். லைனில் யாரும் வாயைத் திறக்கவில்லை. யூனியன் என்ற வார்த்தையைச் சொன்னவர்கள் அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே நின்றதை எல்லாரும் பார்த்திருந்தோம். தலைக்கு மேல் மட்டும் யாரோ யாரையோ நினைத்து உருகிக்கொண்டிருந்தான், நான் மாட்டிய ஸ்பீக்கரில்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். மெஷினையெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை முதலாளி மெட்ராஸிலிருந்து குடும்பத்தோடு வருவார். பாட்டுப் போடுகிற பொறுப்பு என்னுடையது. அன்றைக்கு ஒரு நாள், அவர் காதில் விழுகிற மாதிரி, கோபமான பாட்டாகப் போட்டு நாறடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்தில் கேசட் பதிவு செய்து கொடுக்கிற கடை ஒன்று உண்டு. காலிக் கேசட்டைக் கொடுத்துப் பாட்டைச் சொன்னால் கடைக்காரர் பதிந்து தருவார். அவரிடம் போனேன்.

"புதுப் பாட்டுல, முதலாளிய எதிர்த்துப் பாடற மாதிரி ஏதாவது இருந்தா போடுங்க."

"புதுசுலயா?" தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு கீது சார். அதுல கோவம் நல்லாவே கீது."

"யார் மேல கோவம்?"

"அந்தப் பொண்ணு மேலதான். ஏமாத்திட்டான்னு."

"அது வேணாங்க. வேலை, கூலி, அநியாயம் இந்த மாதிரி."

"இன்னா சார் நீ, கல்யாணம் ஆயி வருசம் ஒண்ணு ஆவல, அதுக்குள்ள கூலி அநியாயம்ன்ற? வூட்ல எதுனா பிரச்சினையா?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கோவப் பாட்டு வோணும்னா பழசுக்குப் போ. புதுசுல யாருக்கும் கோவம் இல்ல. எல்லாருக்கும் ஜுரம்தான்."

பழசே வாங்கிக்கொண்டு வந்தேன். சாட்டைப் பாட்டு, நெற்குவியல் பாட்டு, உழைப்பவர் கையை உயர்த்தச் சொல்கிற பாட்டு, எல்லாம். ஆயுத பூஜை அன்று முதலாளி பட்டு வேட்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பாட்டைப் போட்டேன். சத்தத்தை நன்றாகவே ஏற்றினேன். மேனேஜர் முகம் கறுக்கும், முதலாளி நெளிவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் தாளம் போட்டார். இரண்டாவது சரணத்தில் கூடவே பாடவும் ஆரம்பித்துவிட்டார். ஏழைகள் பொங்கி எழுகிற இடத்தில் கையைக்கூடத் தூக்கினார். பாட்டு முடிந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தம்பி, காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? இப்ப யாருய்யா இப்படியெல்லாம் எழுதறாங்க? எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு" என்றார். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை நான் இன்னும் மறக்கவில்லை. கொதிக்கிற எண்ணெய் என்று நினைத்து ஊற்றினேன், அவர்கள் அதில் ஆனந்தமாகத் தலை முழுகிவிட்டார்கள்.

பொரி கொடுத்து முடிந்ததும் எங்கள் கம்பெனி வழக்கப்படி மைக்கைப் பொதுவில் விட்டார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம். வழக்கமாக ஸ்டோர்ஸ் ஆட்கள் இரண்டு பேர் சாமிப் பாட்டுப் பாடுவார்கள், யாராவது மிமிக்ரி செய்வார்கள், முடிந்துவிடும். அன்றைக்கு மேரி எழுந்தாள். உன் அம்மாவுக்குப் பக்கத்து மேஜை. மாதா கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவள், நல்ல குரல். அவளோடு லைன் பெண்கள் ஏழெட்டுப் பேர் போய் நின்றார்கள். உன் அம்மாவும் போனாள். எனக்கு ஒன்றும் தெரியாது. மேரி என்னைப் பார்த்து, "அண்ணா, மைக்க கொஞ்சம் கீழ எறக்கு. எக்கோல்லாம் வெக்காத, வார்த்தை தெளிவா கேக்கணும்" என்றாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆரம்பித்தது என்ன பாட்டு என்கிறாய்? தினமும் லைனில் ஓடி ஓடித் தேய்ந்துபோன அதே காதல் பாட்டு. கதாநாயகி காணாமல் போன மாமனைத் தேடி உருகுகிற மெட்டு. எனக்கு வயிற்றெரிச்சல். இவ்வளவு நடந்தும் இதுதானா இவர்களுக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். மெட்டு அதேதான். வார்த்தை மட்டும் வேறு.

"நாலு காலு மாமனே, நீ எங்க கெடக்குற?
ரெண்டு காலும் வீங்கிப்போயி நாங்க நிக்குறோம்.
பின்கேட்டு வெயிலுல நீ காஞ்சி கெடக்குற,
புள்ளத்தாச்சி பொண்ணும் இங்க நின்னு தவிக்குறா."

முதல் இரண்டு வரியில் ஒன்றும் புரியாமல் இருந்த கூட்டம் மூன்றாவது வரியில் வெடித்தது. தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப் ஆட்கள் விசில் அடித்தார்கள். முதலாளியின் மனைவிகூடச் சிரித்தார். மாமன் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது, எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு மேரி நகர்ந்துகொண்டாள். உன் அம்மா மைக்குக்கு எதிரில் வந்து நின்றாள். அவள் அதற்கு முன்னால் மைக்கில் பேசியதே இல்லை. ஒரு கை மைக்கில், ஒரு கை வயிற்றில். தனியாகப் பாடினாள். சுருதி சேரவில்லை.

"உள்ள கீற ராசா மட்டும் ஒக்காந்து வரான்,
தூக்கி வர்ற ஆத்தா காலு தூணு ஆவுது."

ராசா நீதான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. முதலாளியின் மனைவி உன் அம்மாவின் காலைப் பார்த்தார். செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். முதலாளி மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "யாருய்யா அந்த நாலு காலு மாமன்?" என்று கேட்டார். மேனேஜர் இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொன்னார், ஜப்பான் என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. முதலாளி எழுந்து நேராகப் பின்கேட்டுக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஸ்டூல்களின் மேல் கோவைக்கொடி படர்ந்திருந்தது. அவர் ஒரு ஸ்டூலின் மேல் இருந்த கொடியை விலக்கிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

பூஜை லீவு முடிந்து போனபோது ஸ்டூல் வந்திருந்தது. எல்லாம் அல்ல. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் என்று மேனேஜர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். உன் அம்மா அன்றிலிருந்து நீ பிறக்கும்வரை உட்கார்ந்து வேலை செய்தாள். அதே நாளில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரையெல்லாம் கழற்றச் சொன்னார். "டிசிப்ளின் போயிடுச்சு. ஷிஃப்ட்ல இனிமே பாட்டு கிடையாது." எந்த ஸ்பீக்கர்? நாள் தவறாமல் காதல் பாட்டுப் பாடிய ஸ்பீக்கர். கோபப் பாட்டைப் போட்ட என் முதுகில் தட்டிக்கொடுத்தவர், காதல் பாட்டுக்குப் பயந்துபோய்விட்டார். ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கீழே பெண்கள் வேலை செய்துகொண்டே வாயை மூடியபடி அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தார்கள். அதைக் கழற்ற என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் கிடையாது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. மேரியை லைனிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற வேலை. போன வாரம் உன்னைப் பார்க்க வந்தபோது முதுகைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "வருத்தம் இன்னாண்ணா. அந்த மேனேஜரு என்னைப் பார்த்தா மூஞ்சிய திருப்பிக்கினு போறான். அது போதும் எனக்கு" என்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டைத்தான் பாடினாள். நீ உடனே தூங்கிவிட்டாய். உனக்கு வேறு தாலாட்டே தெரியாது. நீ பெரியவனான பிறகு ஏதாவது கல்யாண வீட்டில் அந்த மெட்டு கேட்டால், எல்லாரும் காதலை நினைத்துக்கொண்டிருக்கும்போது உனக்கு மட்டும் தூக்கம் வரும். ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்போது உன் அம்மா கர்ப்பிணி இல்லை. மேனேஜர் கணக்குப்படி நாளைக்கு அவளுக்கு ஸ்டூல் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி இருக்கிறது, ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. நான் மறுபடி போய்ப் பேசுகிறேன் என்றேன். "நீங்க பேசினது போதும், சாமி. போன தடவ வேலைய விடச் சொல்லிட்டாரு. இந்த தடவ ஒங்களையும் விடச் சொல்லப் போறாரு" என்றாள். அவர்கள் இருபது பேர் பஸ்ஸில் ஏற்கெனவே பேசிவிட்டார்களாம். இருக்கிற ஸ்டூலில் மாற்றி மாற்றி உட்காருவது, யார் வந்து கேட்டாலும் எல்லாரும் சேர்ந்து எழுந்து நிற்பது. எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லியிருக்கலாம், நீ எப்போதும் அவள் பக்கம்.

பாட்டைப் பற்றி அவளிடம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுகிறவன் எழுத வேண்டாமா, அவனுக்குப் பொறுப்பு இல்லையா என்று கேட்டால், "அவன் எழுதலன்னா இன்னா? மெட்டு போட்டுக் குடுத்துட்டான் இல்ல? மிச்சம் நம்ம வாயில கீது" என்கிறாள். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதத் தெரிந்தவன் எழுதித்தான் ஆக வேண்டும். நீ எழுதுகிறவனாக வந்தால் தயவுசெய்து தாவணியோடு நிறுத்திவிடாதே. எழுதுகிறவனாக வராவிட்டால், யாராவது வந்து உன் கோபத்தைப் பாடித் தருவான் என்று என்னைப் போல் கேசட் கடையில் நிற்காதே. உன் அப்பாவாக, ஒரு டெக்னீஷியனாக, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

உள்ளேயிருந்து முனகல் கேட்கிறது. பட்டன் தைத்து முடித்துவிட்டாள். கூர்ந்து கேட்டால், நான் திட்டினேனே, டீக்கடைப் பாட்டு, அந்த மெட்டு. நடுவில் நின்றுவிட்டாள். "இன்னாங்க, 'இடுப்பு'ன்றதுக்கு இதுல எடமே பத்தல. ரெண்டாவது அடி எப்பிடிப் போவும்? அந்தாள வேற சவுண்ட கொறைக்கச் சொல்லிட்டீங்க" என்கிறாள்.

நல்ல வேளையாக அந்தப் பாட்டை மறுபடியும் போடுகிறார்கள். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "யோவ், சவுண்டை ஏத்துய்யா" என்று இப்போதுதான் கத்தினேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஏற்றினார். நீ விழித்துக்கொண்டுவிட்டாய். இனிமேல் எழுத முடியாது.

உன் அப்பா